ஒரு கணிப்பொறியில் இரண்டாவது இயக்க அமைப்பு

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதம். ஆம்பூரிலிருந்து பேருந்தில் எங்கள் கல்லூரிக்கு வந்து படிக்கும் மாணவி ஒருத்தி, தன் மடிக்கணினியைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு இயற்பியல் ஆய்வுக்கூடத்திற்கு வந்தாள். முகம் வாடியிருந்தது. பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது: "ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்." இயக்க அமைப்பைக் காணவில்லை என்று பொருள்.

"கடையில காட்டினேன் சார். ஃபார்மட் பண்ணித்தான் ஆகணும், உள்ளே இருக்கறது எல்லாம் போயிடும்னு சொல்றாங்க" என்றாள்.

உள்ளே இருந்தது என்ன? சித்திரை, வைகாசி மாதங்களில் அவள் பாலாற்றங்கரை ஊர்களில் கிணறு கிணறாகச் சென்று எடுத்த, நீரின் மின் கடத்துதிறன் அளவுகள். நீரில் உப்புகள் கரைந்திருக்கும் அளவுக்கு அதில் மின்சாரம் எளிதாகப் பாயும் என்பது உங்களுக்குத் தெரியும். தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக நடந்துவரும் எங்கள் பகுதியில் இது வெறும் ஆய்வுக்கூடச் செய்தியன்று. இங்குள்ள தோல் தொழிற்கூடங்களின் கழிவுநீர் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. எந்தக் கிணற்று நீரில் பருப்பு வேகும், எதில் வேகாது என்று இங்கே எல்லாப் பாட்டிமார்களுக்கும் தெரியும். அந்த அறிவை எண்களாக்கிப் பார்க்க வேண்டும் என்பது இந்த மாணவியின் ஆசை. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் நீரின் கடத்துதிறன் ஏறத்தாழ 2 சதவீதம் கூடிவிடும். ஆகவே ஒவ்வொரு கிணற்றிலும் வெப்பநிலையையும் சேர்த்தே குறித்திருந்தாள். கணிப்பொறியில் ஏற்றி முடித்தபின் குறிப்புத் தாள்களைத் தூக்கி எறிந்துவிட்டாள் என்பதுதான் அவள் செய்த ஒரே பிழை. மீண்டும் அளக்கலாமே என்பீர்கள். மழை பெய்து கிணறுகளில் நீர் ஏறிவிட்டது. கோடையின் அளவு வேண்டுமானால் அடுத்த சித்திரை வரை காத்திருக்க வேண்டும். அவளுடைய படிப்போ அதற்குள் முடிந்துவிடும்.

அன்று மாலை நாலரை மணிக்குள் அந்த அளவுகள் அத்தனையும் ஒரு பென் டிரைவில் பத்திரமாக ஏறிவிட்டன. ஃபார்மட் எதுவும் செய்யவில்லை. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. கணிப்பொறி எவ்வாறு விழித்தெழுகிறது என்று தெரிந்துகொண்டால், நீங்களே இதைச் செய்யலாம். அதற்கு மேலும் ஒரு படி சென்று, இத்தகைய இக்கட்டில் கைகொடுக்க ஒரு சிறிய இரண்டாவது இயக்க அமைப்பை உங்கள் கணிப்பொறிக்குள்ளேயே நிலையாக வைத்துக்கொள்ளவும் செய்யலாம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பக்கத்து மாணவர்கள் பலருக்கு வீட்டில் யாராவது ஒருவர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவராக இருப்பார். சில வகைக் காலணிகளில், குதிகாலுக்கு மேலே, பின்பக்க விளிம்பில் சிறு தோல் வளையம் ஒன்றை வைத்துத் தைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விரலை அதில் மாட்டி இழுத்தால் கால் எளிதில் உள்ளே இறங்கும். ஆங்கிலத்தில் அதற்கு பூட்ஸ்ட்ராப் என்று பெயர். தன் பூட்ஸின் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத் தரையிலிருந்து தூக்கிக்கொள்வது என்று, நடக்காத காரியத்திற்கு ஆங்கிலத்தில் ஒரு கேலிப் பேச்சு உண்டு. அது ஏன் நடக்காது? கை வாரை எவ்வளவு விசையோடு மேலே இழுக்கிறதோ, அதே விசையோடு வார் கையைக் கீழே இழுக்கிறது. இரண்டும் ஒரே உடலுக்குள் ஈடாகிவிடுகின்றன; தூக்குவதற்கு வெளிவிசை ஏதும் இல்லை. நியூட்டனின் மூன்றாம் விதியை இதைவிட மலிவாகச் சோதித்துப் பார்க்க முடியாது.

கணிப்பொறிக்கும் இதே சங்கடம்தான். வட்டிலுள்ள ஒரு நிரலை நினைவகத்திற்கு ஏற்ற வேண்டுமானால், அவ்வாறு ஏற்றச் சொல்லும் ஒரு நிரல் முன்னமேயே நினைவகத்தில் இருக்க வேண்டும். மின்சாரம் வந்த கணத்திலோ நினைவகம் வெறுமையாக இருக்கிறது. முதல் நிரலை ஏற்றுவது யார்? 1950களில் இந்தப் புதிரோடு மல்லுக்கட்டிய பொறியாளர்களுக்குப் பூட்ஸ் வார் நினைவுக்கு வந்தது. அந்தப் பெயரே நிலைத்து, பின்னர் சுருங்கி, 'பூட்' ஆயிற்று. கணிப்பொறி 'பூட் ஆகிறது' என்று நாம் சொல்லும்போதெல்லாம், நம் ஊர்த் தொழிலின் ஒரு துண்டுத் தோலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

புதிருக்கு விடை எளிது. மின்சாரம் போனாலும் அழியாத ஒரு சில்லில் மிகச் சிறிய நிரல் ஒன்றை எழுதிக் கணிப்பொறியின் தாய்ப்பலகையிலேயே பொருத்திவிட்டார்கள். அதுதான் அந்த 'வெளிவிசை'. பழைய கணிப்பொறிகளில் அதற்கு பயாஸ் என்று பெயர். விசைப்பலகை, நினைவகம், வட்டு எல்லாம் சரியாக உள்ளனவா என்று அது பார்க்கும். பின்னர் வட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படித்து நினைவகத்தில் வைத்து, "இனி உன் பாடு" என்று விலகிக்கொள்ளும்.

இந்த 512 பைட்டுகளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். முதல் 446 பைட்டுகள் நிரல். அடுத்த 64 பைட்டுகள் ஓர் அட்டவணை. கடைசி 2 பைட்டுகள் ஒரு முத்திரை. இருமக் குறியீட்டில் 01010101 10101010 என்று இருக்கும். ஒன்றும் பூச்சியமுமாக மாறி மாறி வரும் இந்த அழகான அடையாளம் அங்கு இல்லாவிட்டால், அது தொடங்கத்தக்க வட்டே அன்று என்று பயாஸ் தள்ளிவிடும். யூனிகோடு முறையில் ஒரு தமிழ்க் குறிக்குப் பொதுவாக 3 பைட்டுகள் செலவாகும் என்பதால், 446 பைட்டுகளில் தமிழில் இரண்டு வாக்கியம் எழுதுவதே கடினம். அவ்வளவு சிறிய இடத்திலிருந்து எழும் நிரல், தன்னைவிடப் பெரிய நிரலை வட்டில் தேடி ஏற்றுகிறது. அது இன்னும் பெரியதை ஏற்றுகிறது. கடைசியில் கெர்னல் எனப்படும் இயக்க அமைப்பின் உட்கரு நினைவகத்தில் வந்து அமர்கிறது.

அந்த 64 பைட்டு அட்டவணைதான் நம் கதைக்கு முக்கியம். அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பிரித்துக்கொண்டால் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுகிறார்கள் அல்லவா? எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், என்ன வகை நிலம், யாருக்கு என்று அதில் இருக்கும். இந்த அட்டவணையும் அத்தகையதே. ஒவ்வொரு பாகத்திற்கும் 16 பைட்டு வீதம் நான்கு பாகங்களுக்கு இதில் இடமுண்டு. தொடக்கத்திற்கு 4 பைட்டுகள், நீளத்திற்கு 4 பைட்டுகள், வகைக்கு 1 பைட்டு, மற்றவை பிற விவரங்களுக்கு. 1983 ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் 10 மெகாபைட் வன்வட்டுடன் கூடிய தன் கணிப்பொறியை வெளியிட்டபோது இந்த ஏற்பாடு வந்தது. ஒரே வட்டை வெவ்வேறு இயக்க அமைப்புகள் பங்கிட்டுக்கொள்ள இடம் கொடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. ஆக, ஒரு கணிப்பொறியில் இரண்டு அமைப்புகள் என்பது யாரோ குறுக்கு வழியில் கண்டுபிடித்த வித்தையன்று; முதலிலேயே நினைத்து வைத்த வசதி.

ஒரு கணக்கு. 4 பைட்டுகள் என்றால் 32 பிட்டுகள். அவற்றால் குறிக்கக்கூடிய எண்கள் 2-இன் 32 ஆம் அடுக்கு. வட்டின் ஒரு துண்டு 512 பைட்டு என்று கொண்டு பெருக்கிப் பாருங்கள். சுமார் 2.2 லட்சம் கோடி பைட்டுகள் வரும். இதற்கு மேற்பட்ட வட்டில் இந்தப் பத்திரம் செல்லாது. வட்டுகள் அந்த எல்லையைத் தாண்டத் தொடங்கியதும் ஜிபிடி என்னும் புதுப் பத்திரமும், பயாஸுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ என்னும் புது ஏற்பாடும் பரவின. ஜிபிடியில் வழக்கமாக 128 பாகங்களுக்கு இடமுண்டு. பத்திரத்தின் நகல் ஒன்று வட்டின் கடைசியிலும் இருக்கும். யூஇஎஃப்ஐ முறையில் 446 பைட்டு நெருக்கடி இல்லை. வட்டில் ஒரு சிறு பாகம் தொடக்கத்திற்கென்றே ஒதுக்கப்பட்டு, ஒவ்வோர் இயக்க அமைப்பும் அதில் தனக்கென ஓர் அறை எடுத்துக்கொண்டு தன் தொடக்க நிரலை வைத்துக்கொள்கிறது. நீங்கள் இன்று பயன்படுத்தும் மடிக்கணினி பெரும்பாலும் இந்த வகையாகவே இருக்கும்.

இப்போது அந்த மாணவியின் மடிக்கணினிக்கு வருவோம். அதில் சிதைந்திருந்தது விண்டோஸின் தொடக்கக் கோப்புகள் மட்டுமே. வட்டு நன்றாகச் சுழன்றுகொண்டிருந்தது. அவளுடைய அளவுகள் வைத்த இடத்திலேயே இருந்தன. வீட்டின் பூட்டு கெட்டுவிட்டால் பீரோவிலுள்ள நகை காணாமல் போய்விடுமா? கதவைத் திறக்க வேறோர் ஆள் வேண்டும், அவ்வளவே. என்னிடமிருந்த பென் டிரைவில் சிறிய லினக்ஸ் ஒன்று இருந்தது. கணிப்பொறியை வட்டிலிருந்து எழுப்பாமல் பென் டிரைவிலிருந்து எழுப்பினோம். படங்கள் இல்லை, சுட்டி இல்லை; கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். விண்டோஸின் பாகத்தைப் படிப்பதற்கு மட்டும் என்று திறந்தோம்.

ஒரு வேடிக்கை. அவள் தன் கோப்புறைக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தாள். லினக்ஸின் வெற்று எழுத்துத் திரையில் தமிழ் வராது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டங்கள்தான் தெரிந்தன. "எழுத்தெல்லாம் அழிஞ்சிருச்சா சார்?" என்று பதறினாள். அழியவில்லை. பைட்டுகள் அப்படியே இருந்தன. அவற்றை எழுத்தாக வரையத்தான் அந்தத் திரைக்குத் தெரியவில்லை. தேதியை வைத்துக் கண்டுபிடித்துப் படியெடுத்தோம். வேறொரு கணிப்பொறியில் திறந்தவுடன் 'கிணற்று நீர்' என்று வந்தது.

எல்லாம் முடிந்தபின் அவள் ஒரு நல்ல கேள்வி கேட்டாள். "இதை பென் டிரைவுல வெச்சிக்கறதுக்குப் பதிலா லேப்டாப்புக்குள்ளேயே வெச்சிக்க முடியாதா சார்?"

முடியும். உண்மையில், தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அந்த ஆண்டு வழங்கப்பட்ட கணினிகளில் இரண்டு இயக்க அமைப்புகள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மற்றொன்று பாஸ் லினக்ஸ். இரண்டாவது, சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007 இல் முதன்முதல் வெளியிட்டது. டெபியன் என்னும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. பொத்தானை அழுத்தினால் "எது வேண்டும்?" என்று ஒரு பட்டியல் வரும். நம் பிள்ளைகளில் பலர் அந்தப் பட்டியலின் முதல் வரியைத் தாண்டியதே இல்லை. பழுது பார்க்கப் போன இடங்களில் "இது எதற்கு, இடத்தை அடைக்கிறது" என்று இரண்டாவதை நீக்கிக் கொடுத்ததும் உண்டு. இந்த மாணவியின் கணினியிலும் முதலில் இரண்டு இருந்தனவாம்; ஒருமுறை பழுதுக்குப் போய் வந்தபின் ஒன்றுதான் மிஞ்சியது. அந்த இரண்டாவது இருந்திருந்தால், அவள் பேருந்தேறி என்னிடம் வந்திருக்க வேண்டியதே இல்லை.

பென் டிரைவே போதாதா என்று கேட்கலாம். போதும், அது கையில் இருந்தால். எங்கள் ஊரில் ஒரு பென் டிரைவ் ஒரே ஆளிடம் ஒரு வாரத்திற்கு மேல் தங்குவதில்லை.

சரி, இரண்டாவது அமைப்பு ஏன் சிறியதாக இருக்க வேண்டும்? இடம் மிச்சம் என்பது ஒரு காரணம். விண்டோஸ் 11 தனக்குக் குறைந்தது 64 ஜிகாபைட் வட்டிடமும் 4 ஜிகாபைட் நினைவகமும் கேட்கிறது. டெபியன் 12 ஆம் பதிப்பின் நிறுவல் கையேடு, படத்திரை இல்லாத நிறுவலுக்கு 4 ஜிகாபைட் வட்டிடமும், படத்திரையுடன் கூடியதற்கு 10 ஜிகாபைட்டும் போதும் என்கிறது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றும் காரணம் வேறு. உறுப்புகள் குறைந்த பொறியில் கெடுவதற்கும் குறைவாகவே இருக்கும். நாம் இதில் சினிமா பார்க்கப் போவதில்லை. உட்கரு, கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் நிரல், கோப்புகளைப் பார்க்கவும் படியெடுக்கவும் சில கருவிகள், வேண்டியபோது வேறு மென்பொருளை வரவழைத்துக்கொள்ளும் வசதி – இவ்வளவுதான் தேவை. பழைய கணிப்பொறியிலும் இது சட்டென்று எழுந்து நிற்கும்.

இனி செய்முறை. வீட்டுக் கணிப்பொறியில், பெரியவர்களின் சம்மதத்துடன் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். பள்ளிக் கணிப்பொறியிலும், அப்பா வேலை செய்யும் இடத்துக் கணிப்பொறியிலும் கை வைக்கவே கூடாது. தொழிற்கூடங்களில் ஏதோ ஒரு பழைய இயந்திரத்தோடு வந்த மென்பொருள், அதே பழைய அமைப்பில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அது நின்றால் வேலையும் நிற்கும்.

முதல் வேலை, இழக்க விரும்பாத கோப்புகளை வெளியே ஒரு வட்டில் படியெடுப்பது. இதைச் செய்யாமல் அடுத்த பத்திக்குப் போகாதீர்கள். பாகம் பிரிக்கும்போது மின்சாரம் நின்றாலோ, கை தவறி வேறு வரியைத் தேர்ந்தெடுத்தாலோ, படிதான் காப்பாற்றும். மடிக்கணினியாயின் மின்கலம் நிறைந்திருக்க வேண்டும். மின்னூட்டியும் செருகியிருக்க வேண்டும்.

இரண்டாவது, இடம் ஒதுக்குவது. 'சி' பாகத்தில் 40 ஜிகாபைட் காலி என்று விண்டோஸ் காட்டும். அந்தக் காலியிடம் ஒரே இடத்தில் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். தோல் வெட்டுபவரைக் கேட்டுப் பாருங்கள்: பத்துச் சிறு துணுக்குகளின் பரப்பைக் கூட்டினால் ஒரு சதுர அடி வரலாம்; ஆனால் அவற்றிலிருந்து ஒரு ஷூவின் மேல்பகுதிக்கு வேண்டிய ஒரே துண்டை வெட்ட முடியாது. வட்டின் பாகமும் அப்படித்தான். தொடர்ச்சியான ஒரே துண்டாக இருக்க வேண்டும். ஆகவே விண்டோஸ் தன் கோப்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, கடைசியில் ஒரு துண்டை விட்டுக்கொடுக்க வேண்டும். அதை விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்னும் கருவியைக் கொண்டே செய்வது நல்லது. எந்தக் கோப்பு நகரும், எது நகராது என்று அதற்குத்தான் தெரியும். நகராத கோப்பு ஒன்று நடுவில் உட்கார்ந்திருந்தால், நீங்கள் கேட்ட அளவு கிடைக்காமலும் போகலாம். 15 ஜிகாபைட் கிடைத்தால் தாராளம். அதை 'ஒதுக்கப்படாத இடம்' என்று அப்படியே விட்டுவிடுங்கள். பெயர் வைக்கவோ ஃபார்மட் செய்யவோ வேண்டாம்.

மூன்றாவதாக ஒரு கண்ணி இருக்கிறது. பலர் இதில்தான் சிக்குகிறார்கள். விண்டோஸ் 8 முதல், கணிப்பொறியை நிறுத்தும்போது விண்டோஸ் முழுவதும் நின்றுவிடுவதில்லை. மறுநாள் விரைவாக எழுவதற்காக, தன் உட்கருவின் நிலையை வட்டில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறது. கணக்குப்பிள்ளை பேரேட்டைப் பாதிக் கூட்டலோடு மூடி வைத்துவிட்டுப் போனது போன்ற நிலை அது. அந்த நேரத்தில் இன்னொருவர் வந்து அதே பேரேட்டில் எழுதினால் என்ன ஆகும்? இரண்டு கணக்கும் கெடும். ஆகவே 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்னும் இந்த வசதியை விண்டோஸின் மின்சக்தி அமைப்புகளில் நிறுத்திவிட வேண்டும். மேலும், புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு முழுவதும் பிட்லாக்கர் முறையில் மறைகுறியாக்கப்பட்டிருக்கும். அதற்கு 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று உண்டு. அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளாமல் வட்டில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது. அந்தச் சாவி இல்லையேல், இரண்டாவது அமைப்பு எவ்வளவு திறமையாக இருந்தாலும் விண்டோஸ் பாகத்தில் அதற்குக் குப்பைதான் தெரியும்.

பின்னர் டெபியனின் சிறிய நிறுவல் கோப்பைப் பதிவிறக்கிப் பென் டிரைவில் எழுதுங்கள். சாதாரணமாகக் கோப்பைப் படியெடுப்பது போதாது; தொடக்கப் பகுதியோடு சேர்த்து எழுதும் ரூஃபஸ் போன்ற கருவி வேண்டும். பென் டிரைவில் ஏற்கனவே இருந்தவை அழிந்துவிடும். 2025 ஆகஸ்டில் வெளிவந்த 13 ஆம் பதிப்பைப் பழைய 32 பிட் கணிப்பொறிகளில் நிறுவ முடியாது. அவற்றிற்கு 12 ஆம் பதிப்புதான். சிறிய கோப்பு என்பதால் மீதியை அது இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். வீட்டில் இணைய இணைப்பு இல்லையென்றால் கைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்துக் கொடுக்கலாம்.

பென் டிரைவிலிருந்து எழுப்பினால் மொழிப் பட்டியல் வரும். படத்திரை வழியாக நிறுவினால் அதில் தமிழும் உண்டு. தமிழில் கேள்வி கேட்கும் ஒரு நிறுவல் நிரலை ஒருமுறையாவது பார்ப்பது மகிழ்ச்சியான அனுபவம். ஆனால் நம் அமைப்பு வெற்று எழுத்துத் திரையில் ஓடப்போவது. மேலே சொன்ன கட்டங்கள் நினைவிருக்கட்டும்! ஆகவே இறுதியில் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுப்பதே வசதி.

பாகம் பிரிக்கும் இடம் வந்ததும் நிதானம் வேண்டும். 'முழு வட்டையும் பயன்படுத்து' என்ற வரியைத் தொடவே கூடாது. தொட்டு ஒப்புதலும் கொடுத்துவிட்டால் அண்ணனின் பாகமும் தம்பி பெயருக்கு எழுதப்பட்டுவிடும். 'கையால் பிரித்தல்' என்பதைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் விட்டுவைத்த 15 ஜிகாபைட் இடத்தை மட்டும் ஒரே பாகமாக்கி, இஎக்ஸ்டி4 என்னும் லினக்ஸ் கோப்பு அமைப்பைக் கொடுங்கள். யூஇஎஃப்ஐ கணிப்பொறியாயின் தொடக்கப் பாகம் ஏற்கனவே இருக்கும். அதை அப்படியே பயன்படுத்த வேண்டும், ஃபார்மட் செய்யக் கூடாது. எழுதுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை, என்னென்ன மாறப் போகின்றன என்று பட்டியலிட்டுக் கேட்கும். அந்தப் பட்டியலில் உங்கள் 15 ஜிகாபைட்டைத் தவிர வேறு எந்தப் பாகத்திற்கும் 'ஃபார்மட்' என்று இருக்கக் கூடாது. ஐயமிருந்தால் அங்கேயே திரும்பிவிடலாம். அதுவரை வட்டில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது.

சற்று நேரத்தில் என்னென்ன மென்பொருள் வேண்டும் என்று கேட்கும். நம் 'சிறுமை' இங்கேதான் தீர்மானமாகிறது. படத்திரை தொடர்பான எல்லாக் குறிகளையும் எடுத்துவிட்டு, 'வழக்கமான அமைப்புக் கருவிகள்' என்ற ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள். கடைசியாக க்ரப் என்னும் தொடக்கி நிறுவப்படும். பட்டியல் காட்டி "எது வேண்டும்?" என்று கேட்பது இதுதான். வேறோர் இயக்க அமைப்பு இருக்கிறதா என்று தேடட்டுமா எனக் கேட்டால், ஆம் என்று சொல்லுங்கள். சொல்ல மறந்தால் பட்டியலில் விண்டோஸ் வராமல் போய், வீட்டில் பெரிய கலவரம் உண்டாகும். உண்மையில் விண்டோஸ் பத்திரமாகத்தான் இருக்கும். அமைப்பைத் திருத்தி மீண்டும் தேடச் சொன்னால் வந்துவிடும்.

நிறுவி முடித்தபின் மூன்று கருவிகளை மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். ஒன்று, மிட்நைட் கமாண்டர். வெற்றுத் திரையிலேயே இடமும் வலமுமாக இரண்டு பலகைகளைக் காட்டும். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்திற்குக் கோப்பை நகர்த்தலாம். கட்டளைகளை மனப்பாடம் செய்யாதவர்களுக்கு வரப்பிரசாதம். இரண்டாவது, டெஸ்ட்டிஸ்க். பாகப்பிரிவினைப் பத்திரம் கிழிந்துபோன வட்டில், நிலத்திலுள்ள வரப்புகளைத் தேடிப் பார்த்து எல்லைகளை மீண்டும் கண்டுபிடிக்க முயலும். மூன்றாவது, வட்டின் உடல்நிலையைக் கேட்டுச் சொல்லும் ஸ்மார்ட்மான்டூல்ஸ். இந்த மூன்றாவதை மாதம் ஒருமுறையாவது ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஏனெனில் இந்த ஏற்பாட்டிற்கு ஓர் எல்லை உண்டு. கெட்டது இயக்க அமைப்பு என்றால் இரண்டாவது கைகொடுக்கும். கெட்டது வட்டே என்றால் இரண்டும் ஒன்றாகவே போகும். ஒரே மரத்தின் இரண்டு கிளைகள்தானே! வெளியே ஒரு படி எப்போதும் வேண்டும் என்பது அதனால்தான்.

எல்லாம் நன்றாக முடிந்து விண்டோஸுக்குத் திரும்பினால், கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கக் காணலாம். பயந்துவிடாதீர்கள். தாய்ப்பலகையில் சிறு மின்கலத்தில் ஓடும் கடிகாரம் ஒன்றே ஒன்று. அது காட்டுவது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. இந்திய நேரம் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியது. லினக்ஸ் பொது நேரத்தை எழுதி வைத்துவிட்டுப் போக, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. இந்தக் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் ஓடுகிறது என்று லினக்ஸுக்கு ஒருமுறை சொல்லிவைத்தால் சண்டை தீர்ந்தது. கிரீன்விச் கோட்டுக்கும் நமக்கும் உள்ள தீர்க்கரேகை வேறுபாட்டைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இங்கே அது உங்கள் மேசைமேலேயே வந்து நிற்கிறது.

விண்டோஸின் பெரிய புதுப்பிப்பு ஏதேனும் வந்தபின், சில சமயம் க்ரப் பட்டியல் காட்டாமல் நேரே விண்டோஸ் எழும். லினக்ஸ் அழிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். யூஇஎஃப்ஐ வைத்திருக்கும் தொடக்க வரிசையில் முதலிடம் மாறியிருக்கும்; அமைப்புத் திரைக்குச் சென்று டெபியனை மேலே ஏற்றினால் போதும். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. அதற்கு மேல் ஏற முடியாத பழைய கணிப்பொறி உங்கள் வீட்டில் இருந்தால், அந்த 15 ஜிகாபைட்டில் பின்னர் ஓர் இலகுவான படத்திரையைச் சேர்த்து, இரண்டாவதையே முதலாவதாக்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

அந்த மாணவியின் மடிக்கணினியில் நாங்கள் 15 ஜிகாபைட் ஒதுக்கி, இவ்வாறே ஒன்றை நிறுவினோம். அவளுடைய கிணற்று நீர் அறிக்கை குறித்த நாளில் ஒப்படைக்கப்பட்டது. இப்போது அந்தக் கணினி பத்தாம் வகுப்புப் படிக்கும் அவள் தம்பியிடம் இருக்கிறது. அதன் அடிப்பக்கத்தில் அவள் ஒட்டிய தாள் ஒன்று இன்னும் இருக்கிறது என்று போன மாதம் சொன்னாள். மூன்று வரிகள்: எந்தப் பாகம் எவ்வளவு, யாருடையது, பென் டிரைவிலிருந்து எழுப்ப எந்த விசையை அழுத்த வேண்டும், மூன்றாவது வரி, சிவப்பு மையில், "கடைக்காரரே, இரண்டாவதை நீக்க வேண்டாம்."